சிக்னல் இல்லாத காம்பராவுக்கும் பாடம் போய்ச் சேர வேண்டும்: மலையகக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தின் கல்வியியல் கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றின் பீடாதிபதிகளுக்கும் அதிபர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

2020 மார்ச்சில் கொவிட் முடக்கம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் நாளுக்குப் பல மணி நேரம் நீண்ட மின்வெட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையும் மண்சரிவும். ஆறு வருடத்துக்குள் மூன்று தடவை, வகுப்பறைக்கு வந்து படிப்பது இந்தப் பக்கத்தில் முடியாமற் போனது. நாலாவது தடவை வராது என்று சொல்ல யாராலும் முடியாது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் சரிவுகளில் தென்மேல் பருவமழை மே தொடங்கி செப்டெம்பர் வரை. பதுளை, பசறைப் பக்கம் பெருமழை ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வெளிவந்த மறுநாள் காலையில் "இனி இணையவழி" என்று அறிவித்தல் போட்டால், அந்த மறுநாளில் நடத்துவதற்குக் கையில் என்ன இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

பாடங்களைத் தொலைக் கற்பித்தலுக்கு மாற்றுவதில் விரிவுரையாளர்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நேரசூசியை அப்படியே தூக்கிச் சூமுக்குள் வைக்காதீர்கள். சிக்னல் இல்லாத லயக் காம்பராவில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) இருக்கும் மாணவியை மனதில் வைத்துப் பாடத்தை அடியிலிருந்து திரும்பக் கட்டுங்கள். அவளுக்குப் பொருந்துகிற பாடம் நுவரெலியா நகரத்தில் ஃபைபர் இணைப்போடு இருக்கும் மாணவனுக்கும் பொருந்தும். மறுபக்கமாகப் பொருந்தாது.

முதலில் டேட்டாக் கணக்கைப் பாருங்கள். குழுவாகக் காணொளியில் கூடும்போது விநாடிக்குச் சுமார் 1 மெகாபிட் ஓடும். மணிக்கு 450 எம்.பி. நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 2.25 ஜி.பி., வாரத்துக்கு 11 ஜி.பி.க்கு மேல். ஒரே போனில் அண்ணனும் தங்கையும் படிக்கிற வீட்டில் இது இரண்டு மடங்கு. கமராவை மூடிவிட்டுக் குரலை மட்டும் வைத்தால் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட். மணிக்கு 36 எம்.பி.யைத் தாண்டாது. அதோடு அசையாத சிலைட்டைத் திரையில் பகிர்ந்தாலும் 70 எம்.பி.தான் வரும். கமராவைத் திறப்பதா மூடுவதா என்ற ஒரு தீர்மானத்திலேயே செலவு ஆறு மடங்கு ஏறி இறங்குகிறது. ஆகவே "எல்லோரும் கமராவைப் போடுங்கள்" என்ற கட்டளையை முற்றாக விட்டுவிடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் முழுக் குடும்பமும் இருக்கும்போது அந்தக் கட்டளை டேட்டாவை மட்டுமல்ல, பிள்ளையின் மானத்தையும் கேட்கிறது.

பாடத்தில் கைவைக்கும் முன் மாணவர் நிலைமையை அறிய வேண்டும். அதற்குக் கூகுள் ஃபோர்ம் அனுப்பாதீர்கள். இணைப்பு இருப்பவர்கள்தான் அதை நிரப்புவார்கள். முடிவில் எல்லோருக்கும் இணைப்பு இருப்பதாக ஒரு பொய்க் கணக்கு உங்கள் கைக்கு வரும். சாதாரணத் தொலைபேசி அழைப்பே சரி. ஒரு விரிவுரையாளருக்குப் பதினைந்து மாணவர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும். கேட்க வேண்டியவை: போன் யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? அதே போனில் இன்னும் யார் படிக்கிறார்கள்? எந்த நிறுவனத்தின் சிம், என்ன பக்கேஜ்? காம்பராவுக்குள்ளேயே சிக்னல் இருக்கிறதா, இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்) நிற்க வேண்டுமா, மேட்டுக்கு ஏற வேண்டுமா? போட்டோக்கொப்பி எடுக்கக் கிட்டடியில் கொமினிகேஷன் கடை எது?

சிக்னல் கேள்வியைச் சுருக்கிவிடாதீர்கள். தகரக் கூரையும் தடித்த கல் சுவரும் அலையை மறிப்பதால், வெளியில் மூன்று கோடு காட்டும் போன் உள்ளே ஒன்றும் காட்டாது. மின்சாரம் போனால் டவர் பெற்றரியில் ஓடும். மின்தடை மணிக்கணக்கில் நீண்டால் அதுவும் ஓய்ந்துவிடும். அப்பா அம்மா கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் வரை போனே வீட்டில் இல்லாத குடும்பங்களும் உண்டு. காலை எட்டு மணிக்கு வைத்த நேரலை வகுப்பு அந்தப் பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே இல்லாமற் போகிறது.

இனி பாடத்துக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு ஒரு பொதி. அதற்குள் நாலு பக்கக் குறிப்பு, எட்டு நிமிடத்துக்கு மிஞ்சாத இரண்டு ஒலிப்பதிவு, கையால் செய்கிற ஒரு வேலை. இவை மூன்றும் ஒருதரம் இறக்கிவிட்டால் அதன்பின் இணைப்பே கேட்காதவை. வாரத்துக்கு ஒருமுறை நாற்பது நிமிட நேரலை தனி. சூமின் இலவசக் கணக்கும் நாற்பது நிமிடத்தோடுதான் துண்டிக்கும். அதை ஒரு குறையாக எடுக்க வேண்டாம், அதற்கு மேல் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஒரு உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பின்னத்தை அறிமுகம் செய்வது எப்படி என்று ஆசிரிய மாணவர்களுக்கு நடத்தும் இரண்டு மணி நேர விரிவுரை. வகுப்பறையில் அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். வரவு எடுப்பது, குறிப்பைச் சொல்லி எழுதுவிப்பது, எழுதி முடியும் வரை நிற்பது, கேள்வி, உதாரணம். விரிவுரையாளரின் வாயிலிருந்துதான் வர வேண்டிய விளக்கத்தைத் தனியே எடுத்தால் பதினைந்து பதினாறு நிமிடம் தேறும். எழுதுவிக்கும் குறிப்பு நாலு பக்கத்துக்குள் அடங்கும். விளக்கம் இரண்டு பதிவாகும். முதலாவதில், 1/4ஐ விட 1/8 பெரிது என்று பிள்ளை ஏன் சொல்கிறது என்பதை எடுத்துச் சொல்லலாம்: நாலைவிட எட்டுப் பெரிது என்ற முழு எண் பழக்கத்தைப் பிள்ளை அப்படியே பின்னத்துக்கும் கொண்டுவருகிறது. இரண்டாவதில், தாளை இரண்டாக, நாலாக மடித்து விரித்துத் திரும்பச் சேர்த்துக் காட்டும் படிமுறை.

அடுத்தது கைவேலை. வீட்டிலோ லயத்திலோ உள்ள ஒரு சின்னப் பிள்ளையிடம் ஒரு ரொட்டியை வேண்டுமென்றே சமனில்லாத நாலு துண்டாகப் பிய்த்துக் காட்டி, "இதிலே ஒரு துண்டு காலா?" என்று கேட்க வேண்டும். பிள்ளை சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுத வேண்டும். பிறகு தாளை மடித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு, பதில் மாறியதா என்று ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். விரிவுரையாளர் வந்தவற்றுள் ஐந்தைத் தெரிவு செய்துகொண்டு நேரலைக்கு வருகிறார். அந்த நாற்பது நிமிடமும் பிள்ளைகள் சொன்ன பதிலைப் பற்றிய பேச்சு. இரண்டு ஒலிப்பதிவும் சேர்ந்து 4 எம்.பி., குறிப்பு 1 எம்.பி., குரலும் சிலைட்டுமாக நேரலை 47 எம்.பி. மொத்தம் 52. அதே இரண்டு மணி நேரத்தைக் காணொளியில் நடத்தியிருந்தால் 900 எம்.பி. போயிருக்கும், பிள்ளையிடம் கேள்வி கேட்கும் வேலையும் நடந்திராது. இந்தப் பாடத்தில் நேரடி வகுப்பைவிடத் தொலைவழி மேல் என்றுகூட நாங்கள் சொல்வோம்.

ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோ தேவையில்லை, போன் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் மூச்சுக் காற்று அடிக்காது. மழை நேரத்தில் தகரக் கூரையின் கீழ் பதியவே வேண்டாம். எந்த மென்பொருளாலும் அந்த இரைச்சலைச் சுத்தமாக எடுக்க முடியாது. திரைச்சீலையும் துணிமணியும் நிறைந்த அறை நல்லது, கண்ணாடி ஏற்றி நிறுத்தி வைத்த வாகனம் இன்னும் நல்லது. ஒரு சொல் தடுக்கினால் முழுப் பதிவையும் அழித்துத் திரும்பத் தொடங்காதீர்கள். அந்த வசனத்தை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டுப் போங்கள். குறிப்பின் பக்கத்தைச் சொல்லிப் பேசுங்கள்: "இப்போது 2ஆம் பக்கம், கீழே உள்ள படத்தைப் பாருங்கள்." காதுக்கு வருவதையும் கண் பார்ப்பதையும் கட்டுகிற கயிறு அதுதான். போன் 128 கிலோபிட்டில் பதிந்து வைத்திருந்தால் மாற்றும் செயலி ஒன்றில் மோனோ, 32 கிலோபிட் ஆக்குங்கள். பேச்சுக்கு அது தாராளம். எட்டு நிமிடம் 2 எம்.பி.க்குள் வந்துவிடும். வட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசி அனுப்புவது சுலபம்தான், ஆனால் அந்தப் பதிவுக்குப் பாடத்தின் பெயர் கிடையாது. மூன்றாம் வாரம் தேடினால் கிடைக்காது. "அலகு 3, வாரம் 2, ஒலி 1" என்று பெயர் வைத்துக் கோப்பாக அனுப்புங்கள்.

குறிப்பைத் தயாரிக்கும்போது எழுத்துருவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக் கணினிகளில் வருடக்கணக்காகச் சேர்ந்த குறிப்புகளில் பெரும்பகுதி பாமினியில் அடித்தவை. அந்த வேர்ட் கோப்பைப் போனில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் நிறுத்தக் குறியும் கலந்த குப்பைதான் தெரியும், ஏனெனில் பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்திய பழைய முறை. அந்த எழுத்துரு போனில் இல்லை. வினாவைப் பாமினியிலிருந்து வெட்டி மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளத்திலோ கூகுள் ஃபோர்மிலோ ஒட்டினாலும் இதே கதி. பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தெரியும், தேடவோ வெட்டி ஒட்டவோ முடியாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு வாசித்துக் காட்டும் செயலியும் அதில் தடுமாறும். எல்லாப் போனிலும் தெரியும் பொது எழுத்துமுறையான யுனிகோட்டுக்கு, மாற்றி ஒன்றில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு கொம்பு, துணைக்கால், எண், அடைப்புக்குறி ஆகியவற்றை ஒருதரம் கண்ணால் சரிபாருங்கள். பிழை வரும் இடங்கள் அவைதான். கணிதச் சூத்திரம் உள்ள பக்கத்தை மாற்றியில் போடவே வேண்டாம், திரும்ப அடிப்பது விரைவு.

பவர்பொயின்ட் சிலைட்டைப் பிடிஎஃப் ஆக்கி "குறிப்பு" என்று அனுப்புவது நடக்கிறது. சிலைட்டில் இருப்பது தலைப்பு. விளக்கம் உங்கள் வாயில் இருந்தது. அதை முழு வசனமாக எழுதுங்கள். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, போனில் விரலால் இழுக்காமல் வாசிக்கும் பருமன். கடும் நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்துப் போட்ட பக்கம் கொமினிகேஷன் கடையில் முழுக் கறுப்பாக வரும், காசும் வீண். படத்தைச் சேர்க்கும்போது வேர்டிலேயே உள்ள படச் சுருக்க வசதியைப் பாவித்தால் 20 எம்.பி. கோப்பு 1 எம்.பி. அளவுக்கு இறங்கும்.

பொதியை எந்த வழியால் அனுப்புவது என்பதும் செலவு சம்பந்தப்பட்டது. மாணவர் பலர் வட்ஸ்அப்புக்கு மட்டுமான பக்கேஜ் போட்டிருப்பார்கள். நீங்கள் குழுவில் யூடியூப் அல்லது ட்ரைவ் லிங்கைப் போட்டால் அதை அழுத்தியதும் வட்ஸ்அப்பை விட்டு வெளியே போகிறது. பக்கேஜ் அதற்கு ஓடாது, கையிருப்புப் பணம் வெட்டுப்படும். கோப்பையே வட்ஸ்அப்பில் ஏற்றுங்கள். குழு இரண்டு வேண்டும்: ஒன்றில் விரிவுரையாளர் மட்டும் எழுதலாம், பொதியும் அறிவித்தலும் மட்டும் வரும், மற்றது கேள்விக்கும் பேச்சுக்கும். ஒரே குழுவாக இருந்தால் காலை வணக்கப் படங்களுக்குள் பாடம் புதைந்துபோகும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்தில் பொதி வரட்டும். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் (பிரிவில்) ஒருவர் இறக்கி, போனிலிருந்து போனுக்கு டேட்டா இல்லாமலே கோப்பைக் கடத்தும் குயிக் ஷெயார் மூலம் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அதை முதல் நாள் கல்லூரியிலேயே செய்து காட்டிவிடுங்கள். தவணை தொடங்கும்போது முதல் மூன்று வாரப் பொதியை மெமரி கார்ட்டில் ஏற்றிக் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

போனே இல்லாதவர்களுக்கு அச்சுப் பொதிதான். அதைத் தபாலில் போட்டுவிட்டுச் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். லயக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஆள் கைப்பட்டுத்தான் வீடு வரும். தாமதமும் தவறலும் வழமை. கிட்டவுள்ள பாடசாலை அதிபரிடமோ மாணவர் பெயர் சொன்ன கடையிலோ கொடுத்து வைப்பது நம்பகம். அச்சிட்ட பாடத்தொகுதியும் இடைக்கிடை தினப் பாடசாலையுமாகப் பட்டப்படிப்பே நடத்தலாம் என்பதை இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து செய்து காட்டி வருகிறது. அச்சு என்றால் தரக்குறைவு என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

நேரலையில் விரிவுரை வேண்டாம். முன்கூட்டியே வந்த கேள்விகளும் ஒப்படைகளும்தான் அங்கே பேச்சு. இன்னொரு விரிவுரையாளர் இணை நடத்துனராக இருந்து அரட்டைப் பெட்டியையும் இணைப்பு அறுந்து திரும்ப வருகிறவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் இணைப்பே போனால் அவர் தொடர்வார். "விளங்கியதா?" என்று பொதுவில் கேட்டால் மௌனம்தான் பதில். பெயர் சொல்லிக் கேளுங்கள். முடிந்ததும் பத்து வரியில் என்ன பேசப்பட்டது என்று எழுதி அறிவித்தல் குழுவில் போடுங்கள். வர முடியாதவருக்கு நாற்பது நிமிடப் பதிவைவிட அந்தப் பத்து வரி உதவும்.

மின்னிணைப்பு, காய்ச்சி ஒட்டுதல், மோட்டார் திருத்தம் போன்ற செய்முறையை இணையத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். கோட்பாடு, பாதுகாப்பு விதி, வரைபடம் வாசித்தல் ஆகியவற்றைத் தொலைவழியில் முன்னுக்கு இழுத்து முடித்துவிட்டு, பாதை திறந்ததும் செய்முறையைத் தொடர் நாட்களாகக் கல்லூரியில் வையுங்கள். கற்பித்தல் பயிற்சிக்கு ஐந்து நிமிட நுண்கற்பித்தல் காணொளி போதும், 480p தெளிவில் 25 எம்.பி. வரும். ஏற்றுவது இறக்குவதைவிடக் கடினம் என்பதால் அதற்கு ஒரு முழு வார அவகாசம் கொடுங்கள்.

இனி நிருவாகத்திடம் நேரடியாகச் சொல்ல வேண்டியவை.

வரவை நேரலையில் சேர்ந்த நேரத்தால் கணிக்கும் விதியை மாற்றுங்கள். வார வேலையைத் திருப்பி அனுப்பியவர் வந்தவர். டவர் ஓய்ந்ததற்காக 80 வீத வரவு இல்லை என்று ஒரு பிள்ளையைப் பரீட்சையிலிருந்து நிறுத்துவது அநியாயம். எட்டு மணிக்குத் திறந்து எட்டரைக்கு மூடும் பரீட்சையும் அப்படித்தான். அது பாட அறிவையல்ல, இருக்கும் இடத்தின் சிக்னலை அளக்கிறது. கல்லூரியில் மூடில் தளம் இருந்தால், அதன் மொபைல் செயலியில் இணைப்பில்லாமல் வினாவிடை செய்ய அனுமதிக்கும் தெரிவைப் போடுங்கள்; நேரக் கட்டுப்பாடு வைத்தால் அது வேலை செய்யாது, விடைச் சரிபிழையும் கடைசியில் காட்டும் முறையில்தான் இருக்க வேண்டும். எழுத்து ஒப்படைக்குப் போன் கமராப் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், பக்கத்துக்கு 3 எம்.பி. போகும், கூகுள் ட்ரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியால் எடுத்தால் பல பக்கம் ஒரே பிடிஎஃப்பில் மிகச் சிறிதாக வரும். பார்த்து எழுதியிருப்பாரோ என்ற சந்தேகத்துக்கு மருந்து வாய்மொழிப் பரீட்சை. சாதாரண அழைப்பில் ஆளுக்கு ஏழு நிமிடம். 25 மாணவருக்கு மூன்று மணி நேரம். "உங்கள் ஒப்படையில் பிள்ளை சொன்ன அந்தப் பதிலுக்கு அடுத்து என்ன கேட்டிருப்பீர்கள்?" என்ற ஒரு கேள்வியிலேயே எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது விரிவுரையாளரின் நேரம். ஒரு வாரப் பொதியை முதல் தடவை தயாரிக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும். அதை வழமையான மணித்தியாலத்துக்கு மேலே சுமத்தினால் நடக்காது. வருடக்கணக்காக வகுப்பறையில் நன்றாகப் படிப்பித்தவர்கள் இந்தக் கருவிகளுக்கு முன்னால் கூச்சப்பட்டு நிற்பதைக் காண எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. குறை அவர்களிடத்தில் இல்லை, அரை நாள் செயலமர்வு வைத்து ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பும் முறையில் இருக்கிறது. செயலமர்வுக்குப் பதில், தவணைக்கு ஒரு பாடத்தை எடுத்து, பாட அறிவுள்ளவரும் கருவி தெரிந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து முதல் மூன்று பொதியைச் சேர்ந்து செய்யட்டும். நாலாவதை விரிவுரையாளரே தனியாகச் செய்வார். அந்த மணித்தியாலத்தைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கிடுங்கள். வீட்டிலிருந்து ஏற்றும் டேட்டாவுக்கான செலவைக் கல்லூரி ஏற்கட்டும்.

2020இல் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் டேட்டாக் கட்டணமில்லாத அணுகலைக் கொடுத்தன. கல்வியியல், தொழில்நுட்பக் கல்லூரிகளின் தளங்களுக்கும் அதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நீங்கள் சேர்ந்து கேட்க வேண்டும். தனித்தனியாக எழுதும் கடிதத்தைவிட எல்லாக் கல்லூரியும் ஒப்பமிட்ட ஒரு கடிதத்துக்குப் பலம் அதிகம். அதை எழுதுவதில் நாங்களும் கூட நிற்போம்.

மேற்குச் சரிவுக் கல்லூரிகளுக்கு ஏப்ரல் முடிவதற்குள், பதுளைப் பக்கத்துக்குச் செப்டெம்பர் முடிவதற்குள், ஒவ்வொரு பாடத்திலும் முதல் மூன்று வாரப் பொதி அலமாரியில் இருக்க வேண்டும். எந்தப் பாடத்தில் தொடங்குவது என்று தீர்மானித்ததும் அதன் பாடத்திட்டம், போன வருடக் குறிப்பு, மாணவரின் தொலைபேசிப் பட்டியல் மூன்றையும் எடுத்து வையுங்கள். முதல் வேலை அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு அழைப்பு எடுப்பது.

இங்ஙனம்,
மலையகக் கல்லூரிகளில் தொலைக் கற்பித்தலுக்குத் துணைநிற்கும் பாடவடிவமைப்பாளர்கள்,
ஹட்டன்.